கல்லறையில் வைத்த பீடிக்கட்டு எங்கே போனது?

அக்டோபர் 29, 2023 (ஒரு வாசகர் எழுதியது)

"இரண்டாம் உலகப் போரில் யூதர்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லரின் கல்லறை ஜெருசலேமில் இருக்கிறது, அதன் படத்தைப் பார்த்தேன். மேலே முழுக்கக் கூழாங்கல். அமெரிக்காவில் படைவீரர் கல்லறைகளில் காசு வைக்கிறார்கள். நாம் மாலை போடுகிறோம், பத்தி கொளுத்துகிறோம், வந்துவிடுகிறோம். சின்னதாக ஒரு பொருளை வைத்துவிட்டு வரும் வழக்கம் தமிழர்களிடம் கிடையாது, இருந்ததும் இல்லை என்பது என் கருத்து. இருந்தால் காட்டுங்கள்."

அக்டோபர் 30, 2023

இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அப்பா 2011 ஆகஸ்டில் இறந்தார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர், கத்தோலிக்கக் குடும்பம். அந்த வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் போனோம். கல்லறை இன்னும் கட்டவில்லை, மண்மேடும் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவையும்தான். அண்ணன் மெழுகுவத்தி நட்டான், அக்கா செவ்வந்தியை உதிர்த்துத் தூவினாள். சாமியார் வந்து மந்திரித்து, தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்ததும் அம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு கட்டு பீடியை எடுத்தாள். நாற்பது வருஷமாக அந்தப் பீடியைத் திட்டியவள், மழை பெய்தாலும் வாசலுக்கு வெளியே நின்று குடிக்கச் சொன்னவள். கட்டின் நூலை அவிழ்க்கவில்லை. சிலுவைக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் விரலால் மண்ணைக் கிள்ளி ஒரு குழி பண்ணி, கட்டைச் சாயாமல் நட்டு வைத்தாள். மேலே ஒரு தீப்பெட்டி. யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் மட்டும், "தீப்பெட்டி நமத்துப்போகும்மா" என்றான்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். பீடியும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. குழி வெட்டுபவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார், அதே பீடி. அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை. அது வேறு கதை.

அக்டோபர் 30, 2023, இரவு

எங்கள் வீட்டுக் கதையை மட்டும் சொன்னால் "அது உங்க அம்மாவின் தனிப்பட்ட செயல், வழக்கம் ஆகாது" என்று பதில் வரும். வந்தும்விட்டது. சரி, பழசுக்குப் போவோம்.

புறநானூறு 232. அதியமான் நெடுமான் அஞ்சி செத்துப்போய்விட்டான். அவனுக்கு நட்ட கல்லுக்கு முன்னால் நின்று ஔவையார் கேட்கிறார்: நடுகல்லுக்குப் பீலி சூட்டி, நாரால் வடிகட்டிய கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறார்களே, இதை அவன் வாங்கிக்கொள்வானா? மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் ஆயிற்றே!

"சிறுகலம்" என்றே பாட்டில் இருக்கிறது, சின்னப் பாத்திரம். பீலி என்றால் மயில் இறகு. நீங்கள் கேட்ட சின்னப் பொருள் இரண்டும் அடுத்தடுத்த வரியில். படைப்பதை எழுதும்போதே, படைக்கிறீர்களே அவனுக்கு எதற்கு என்ற கேள்வியும் அதே பாட்டில் வந்துவிடுகிறது. அம்மாவுக்குப் புறநானூறு தெரியாது, ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது ஏறக்குறைய இந்தக் கேள்விதான்.

264-ஆம் பாட்டும் பாருங்கள். பரற்கல் கிடக்கும் நிலம், அங்கே கற்குவியல், மரல் என்ற செடியின் நாரில் கட்டிய சிவப்புப் பூங்கண்ணி, மயில்பீலி, கல்லில் பெயர். வரிசையாகச் சாமான் பட்டியல் மாதிரி வருகிறது.

அக்டோபர் 31, 2023

பீடி என்றதும் நினைவு வந்தது. நெல்லைச் சீமையில் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் கல்லறைக்குச் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டார்கள் என்று இடையன்குடி கால்டுவெல் எழுதி வைத்திருக்கிறார், 19-ஆம் நூற்றாண்டுச் செய்தி. அவர் பாதிரியார், ஆகவே பேய் வழிபாடு என்ற தலைப்பில்தான் இதெல்லாம் வரும். எனக்கு அதில் பிடித்தது வேறு. செத்தவர் வெள்ளைக்காரர், அவருக்குப் பொங்கலும் கடாவும் சரிப்படாது, உயிரோடு இருந்தபோது எதை விரும்பினாரோ அதை வைப்போம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நல்ல விருந்தோம்பல்தான்.

நவம்பர் 1, 2023

இப்போது யூதர்களின் கல். அவர்கள் மரபில் கல்லறைக்குப் பூ கொண்டுபோவது கிடையாது, ஒரு கூழாங்கல்லை எடுத்து, பெரும்பாலும் இடது கையால், கல்லறை மேல் வைப்பார்கள். காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பழைய காலத்தில் எழுத்துப் பொறித்த கல் கிடையாது, கற்குவியல்தான் அடையாளம், காற்றும் மழையும் குவியலைக் கலைக்கும், வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கல் போட்டால் குவியல் குறையாது என்பது ஒன்று. ஆரோனின் வழிவந்த குரு மரபினர் பிணத்தீட்டுக்கு விலகி நடக்க வேண்டும், அவர்களுக்கு எச்சரிக்கையாக வைத்த கல் என்பது இன்னொன்று. பூ வாடும், கல் வாடாது என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம், அழகாக இருக்கிறது என்பதாலேயே எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது மொழி சம்பந்தப்பட்டது. எபிரேயத்தில் 'ட்ஸ்ரோர்' என்றால் கூழாங்கல், மூட்டை அல்லது கட்டு என்றும் பொருள். யூதக் கல்லறைகளில் ஐந்து எழுத்தில் ஒரு சுருக்கம் பொறித்திருக்கும், அவர் உயிர் வாழ்வோரின் கட்டில் கட்டப்பட்டிருக்கட்டும் என்று அர்த்தம். அந்த வாசகம் சாமுவேல் முதல் புத்தகம் 25-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது, தாவீதிடம் அபிகாயில் சொல்வது. நம் பழைய தமிழ் பைபிளில் என்ன போட்டிருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். "ஜீவனுள்ளோருடைய கட்டிலே கட்டப்பட்டிருக்கும்." கட்டு! அம்மா வைத்ததும் ஒரு கட்டுதானே. அதே வசனத்தின் மறுபாதியில் எதிரிகளின் உயிர் கவண்கல் மாதிரி எறியப்படும் என்று வருகிறது, ஆக நல்லவர்கள் கட்டுக்குள்ளே, கெட்டவர்கள் கவணில்.

சென்னை லாயிட்ஸ் சாலையில் ஒரு சின்ன யூதக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. முன்பு மின்ட் தெருப் பக்கம் இருந்ததை இங்கே மாற்றினார்கள். ஒருமுறை போனேன், கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். கல்லறைகளைவிட அதிகமாக வேப்பம் சருகு தெரிந்தது.

நவம்பர் 1, 2023, சற்று நேரம் கழித்து

மேலே போட்டதில் ஓர் அவசரம் இருக்கிறது. புறநானூற்றுக் கற்குவியலையும் யூதக் கற்குவியலையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். சங்கப் பாட்டில் அதற்குப் பதுக்கை என்று பெயர். மூன்றாம் புறப்பாட்டில் அம்பு பட்டு விழுந்த வழிப்போக்கரின் பதுக்கை வருகிறது, பக்கத்திலேயே பருந்து உட்கார்ந்திருக்கும். அந்தக் கல் உடலை மூடுவதற்கு. நரியும் பருந்தும் தோண்டாமலிருக்கப் போட்டது. பார்த்துவிட்டுப் போகிறவர் ஞாபகத்துக்கு வைத்த கல் அது இல்லை. பீலியும் கள்ளும்தான் என் ஆதாரம், பதுக்கையை விட்டுவிடுகிறேன்.

நவம்பர் 3, 2023

நேற்று ஊருக்குப் போய்வந்தேன். கேள்வி மனதில் இருந்ததால் அப்பா கல்லறையைவிட மற்றவர்கள் கல்லறையைத்தான் அதிகம் பார்த்தேன், அம்மா இரண்டு தடவை முறைத்தாள்.

வெள்ளையடித்த கல்லறை, புதுச் சுண்ணாம்பு வாசனை, அதற்கு மேல் செவ்வந்தி, கோழிக்கொண்டை, எரிந்து சாய்ந்த மெழுகுவத்தி. இதெல்லாம் எல்லாக் கல்லறையிலும் இருக்கும். அதைத் தாண்டிப் பார்த்தவை: ஒரு கிழவியின் கல்லறையில் பட்டணம் பொடி டப்பா, மூடி திறந்து வைத்திருந்தது. ஒன்றில் வாழையிலைத் துண்டில் பொரித்த நெத்திலி. ஒன்றில் கண்ணாடித் தம்ளரில் கட்டன்காப்பி, ஆவி பறக்கிறது, தூரத்து வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்திருக்கிறார்கள். வலை பின்னுகிற மர ஊசி ஒன்று, அதில் பச்சை நைலான் நூல் சுற்றியபடியே. ஒரு செல்போன் கவர், போன் இல்லாமல்.

சிறுபிள்ளைகள் கூட்டம் வழக்கம்போல மெழுகு பொறுக்கிக்கொண்டிருந்தது. நாங்களும் அதைச் செய்தவர்கள்தான். உருகி வழிந்த மெழுகைச் சூடாக இருக்கும்போதே சுரண்டி உருண்டை பிடிக்க வேண்டும், ஆறினால் உதிரும். யார் உருண்டை பெரிது என்று போட்டி. என் உருண்டை ஒரு வருஷம் கிரிக்கெட் பந்து அளவு வந்தது. அதில் எத்தனை பேருடைய ஆத்துமா இளைப்பாற்றிக்காக ஏற்றிய மெழுகு இருந்ததோ. கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை கம்போடு வருவார், ஓடுவோம்.

இதை எழுதும்போது தோன்றியது. ஏன் வைக்கிறார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், யார் எடுத்துப்போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நெத்திலி காக்கைக்கு, மெழுகு பிள்ளைகளுக்கு, மாலை ஆட்டுக்கு. வலை ஊசியை மட்டும் யாரும் தொடவில்லை, சாயங்காலம் வரை பார்த்தேன்.

நவம்பர் 5, 2023

அண்ணன் இதைப் படித்துவிட்டுப் போன் செய்தான். 2011-இல் பீடியை எடுத்தது குழி வெட்டுபவர் இல்லையாம், ஆடாம். ஆடு பீடி தின்னும், கடைவாசலில் பார்த்ததில்லையா என்கிறான். பார்த்திருக்கிறேன்தான். "அப்போ தீப்பெட்டி? பற்ற வைக்க ஆடு அதையும் எடுத்துட்டுப் போச்சா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

நவம்பர் 9, 2023

காசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கப் படைவீரர் கல்லறையில் ஒரு சென்ட் வைத்தால் வந்து போனேன் என்று பொருள், ஐந்து சென்ட் என்றால் ஒன்றாகப் பயிற்சி பெற்றோம், பத்து என்றால் ஒரே படைப்பிரிவில் இருந்தோம், இருபத்தைந்து என்றால் சாகும்போது நான் உடனிருந்தேன். பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் கல்லறையிலும் காசு விழுந்துகொண்டே இருக்கும். 1790-இல் இறந்தவர். சேமித்த ஒரு காசு சம்பாதித்த ஒரு காசு என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு, அதனால் ஒரு சென்ட் எறிந்தால் அதிர்ஷ்டம். அவர் அப்படியே சொன்னதில்லை, எழுதியது சற்று வேறு மாதிரி. ஆனால் காசு எறிய அது போதும்.

அந்தக் காசு என்ன செய்தது தெரியுமா? கல்லில் விரிசல் இருந்தது, எறிந்த காசுகள் பட்டுப் பட்டுக் குழி குழியாகவும் ஆகியிருந்தது. சில வருஷங்களுக்கு முன் அதைச் சரிசெய்யப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். காசு எறிந்து உடைத்ததைக் காசு கொடுத்து ஒட்டினார்கள்.

நவம்பர் 10, 2023

திருத்தம். அந்த நான்கு காசு, நான்கு அர்த்தம் விளக்கத்தைப் பழங்கால ராணுவ மரபு போல எழுதிவிட்டேன். கல்லறையில் காசு வைப்பது பழசு, அது உண்மை. ஆனால் இந்த அட்டவணை இணையத்தில் கைமாறிக் கைமாறிப் பரவியது, அதற்கு முந்தைய ஆதாரம் யாரும் காட்டவில்லை. இப்போது படைவீரர் குடும்பங்கள் அதைப் படித்துவிட்டு அப்படியே வைக்கிறார்கள், ஆகவே இப்போது அது உண்மையாகிவிட்டது. வழக்கம் பிறப்பதை நேரில் பார்ப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

நம்மூர்க் காசை மறந்துவிட்டேன். பிணத்தின் நெற்றியில் ஒட்டும் ஒரு ரூபாய், வாய்க்கரிசியோடு போடும் சில்லறை, ஊர்வலத்தில் பொரியோடு இறைக்கும் காசு. எல்லாமே கல்லறைக்குப் போய்ச்சேருவதற்கு முன்னாலேயே கைமாறிவிடும். வாய்க்கரிசிச் சில்லறை சடங்கு செய்பவருக்கும் குழி வெட்டுபவருக்கும், தெருவில் இறைத்தது பொறுக்குகிறவருக்கு. எடுப்பவர் யார் என்று முதலிலேயே தெரிந்து வைக்கிற காசு அது. எனவே யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. பீடி விஷயத்தில் மட்டும் நான் ஏன் அப்படி நினைத்தேன்?

நவம்பர் 21, 2023

ஆதிச்சநல்லூரை ஏன் விட்டுவிட்டாய் என்று இரண்டு பேர் கேட்டார்கள். முதுமக்கள் தாழிக்குள் இரும்புக் கத்தி, கிண்ணம், தங்க நெற்றிப்பட்டம் எல்லாம் கிடைத்தனவே, ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று என்னையே திட்டு. நான் சொல்லவில்லை ஐயா, கேட்டவர் சொன்னது. ஆனால் தாழி வேறு கணக்கு. அது மூடிப் புதைப்பது, ஒருமுறை வைத்தால் முடிந்தது, பிறகு எடுக்க அலெக்சாண்டர் ரீ மாதிரி யாராவது தொல்லியல் துறையிலிருந்து வர வேண்டும். பக்கத்தில் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல் உமி கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். யாரோ ஒருவருக்குப் போட்ட வாய்க்கரிசி மூவாயிரம் வருஷம் யார் கைக்கும் போகாமல் இருந்திருக்கிறது. நாம் பேசுவது மேலே வைப்பது, வெயிலும் மழையும் ஆடும் உள்ள இடத்தில்.

அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் பழைய கல்லறைகளில் சிப்பி, விளக்கு, கடிகாரம், இறந்தவர் கடைசியாகப் பயன்படுத்திய கோப்பை, தட்டு இவற்றை வைப்பார்கள். கோப்பையை உடைத்துத்தான் வைப்பார்கள். சாவு அந்த வீட்டில் தொடராமல் சங்கிலி அறுபட வேண்டும் என்று ஒரு காரணம். உடைந்ததை யாரும் திருட மாட்டார்கள் என்று இன்னொரு காரணமும் சொல்வார்கள். கொள்ளிக்குடத்தில் ஓட்டை போட்டுக் கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைப்பது இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், பதுக்கையில் ஒருமுறை சூடு பட்டுவிட்டேன்.

டிசம்பர் 24, 2023

இன்று எம்.ஜி.ஆர். நினைவு நாள், ஆகவே ஒரு சின்னக் குறிப்பு. மெரினாவில் அவர் சமாதியில் காது வைத்தால் கைக்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும் என்று சொல்வார்கள், சின்ன வயதில் நானும் வைத்தேன். வெயிலில் கல் சுட்டது, காது சிவந்தது. கேட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

கல்லறைக்கு வந்து ஒன்றை வைத்துவிட்டுப் போவதைப் பற்றியே பேசுகிறோம், இங்கே வந்து ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஜனவரி 12, 2024

காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார், கபர்ஸ்தானைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று. நியாயம்தான். அவர் சொன்னதைச் சுருக்குகிறேன். அடக்கிய பிறகு தலைமாட்டில் மீஸான் என்ற அடையாளக் கட்டை நடுவார்கள், சில ஊர்களில் மண் மேல் ஒரு பச்சைக் கிளையும் ஊன்றுவார்கள். நபிகள் நாயகம் இரண்டு கபர்களைக் கடந்து போகும்போது உள்ளே இருப்பவர்கள் வேதனை செய்யப்படுகிறார்கள் என்று சொல்லி, ஒரு பேரீச்ச மட்டையை இரண்டாகப் பிளந்து ஆளுக்கு ஒன்றாக நட்டார், இது காயும் வரை வேதனை குறையலாம் என்றார் என்று ஹதீஸில் வருகிறது. அது நபிக்கு மட்டும் உரியது, நாம் செய்யக் கூடாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், வீட்டுக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு என்றார் நண்பர்.

இங்கே "காயும் வரை" என்பதுதான் விஷயம். வாடும் என்பதற்காகவே யூதர் பூவை ஒதுக்கினார்கள் என்று ஒரு விளக்கம் சொன்னேன், இங்கே வாடும் காலம் வரைதான் பலன். நவம்பர் 1 அன்று நான் சந்தேகப்பட்ட விளக்கத்துக்கு இது நேர் எதிர்.

மார்ச் 3, 2024

ரொம்ப நாள் ஆயிற்று. எடுப்பவர் யார் என்ற என் கேள்வி என்னை விடவில்லை, சில சுவையான இடங்கள் கிடைத்தன.

பாரிஸில் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு கல்லறை. உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வந்து கல்லில் முத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள், வைப்பது பொருள்கூட இல்லை, உதட்டுத் தடம். அந்த எண்ணெய்ப்பசை கல்லுக்குள் இறங்கிவிடும், தேய்த்துக் கழுவக் கழுவக் கல்லே கரைந்தது. 2011-இல் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். பிறகு கண்ணாடிக்கு முத்தம்.

ஜெர்மனியில் போட்ஸ்டாம். பிரஷ்ய மன்னன் பிரடெரிக் தன் நாய்களுக்குப் பக்கத்தில் சான்சூசி அரண்மனை மாடித் தோட்டத்தில் புதைக்கச் சொல்லியிருந்தான். 1786-இல் செத்தான். வாரிசு கேட்கவில்லை, தேவாலயத்தில் வைத்தான். 1991-இல்தான் மன்னன் தன் நாய்களிடம் வந்துசேர்ந்தான். பஞ்சத்துக்கு உதவும் என்று 1756-இல் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி உத்தரவு போட்டவன். அதனால் அந்தத் தட்டைக் கல்லின் மேல் வருகிறவர்கள் உருளைக்கிழங்கு வைக்கிறார்கள், பச்சையாக, மண்ணோடு. படத்தில் பார்த்தால் காய்கறிக் கடையில் ஒதுக்கிப்போட்டது மாதிரி இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நம்மூராக இருந்தால் சாயங்காலத்துக்குள் யாராவது பொடிமாஸ் பண்ணியிருப்பார்கள்.

வாஷிங்டன் வியட்நாம் போர் நினைவுச் சுவர் கல்லறை இல்லை, 1982-இல் திறந்தது, இறந்தவர் பெயர்கள் மட்டும் பொறித்த கறுப்புக் கல். ஆனால் அதன் அடியில் மக்கள் பூட்ஸ், கடிதம், பதக்கம், பீர் டப்பா என்று வைத்துக்கொண்டே போனார்கள். முதலில் தொலைந்த சாமான் என்றுதான் பூங்கா ஊழியர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். யாரும் திரும்பக் கேட்டு வரவில்லை. இப்போது நான்கு லட்சத்துக்கும் மேல், பட்டியல் போட்டுப் பாதுகாக்கிறார்கள். பூ மட்டும் சேர்க்க மாட்டார்கள். வைத்த பொருளைப் பத்திரமாக எடுத்து வைப்பதையே ஓர் அரசாங்க வேலையாகச் செய்கிறார்கள். அந்தப் பீர் டப்பாவுக்கும் ஒரு எண் இருக்கும்.

ஆகஸ்ட் 19, 2024

அப்பாவின் ஆண்டுப் பூசைக்கு ஊருக்குப் போனேன். பூ வாங்கவில்லை. முந்தின நாள் கடற்கரையில் நடந்தபோது கறுப்பாக, சோழிக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு கல் கிடைத்தது, அதைக் கல்லறை மேல் வைத்தேன். 2014-இல் சிமென்டு போட்டுக் கட்டிவிட்டோம், ஆகவே நட்டு வைக்க மண் இல்லை. அம்மா பார்த்தாள். "என்னலே இது?" என்றாள். யூதர்கள், தாவீது, ஜீவனுள்ளோருடைய கட்டு என்று பாதி தூரம் போனேன். "சரி, இருக்கட்டும்" என்றாள்.

திரும்பி நடக்கும்போது பீடி பற்றிக் கேட்டுவிட்டேன். பதின்மூன்று வருஷம் கேட்காத கேள்வி.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அம்மா தனியாகத் திரும்பி வந்திருக்கிறாள். குழி வெட்டுபவர் அங்கே இருந்தார். கட்டைப் பிடுங்கி, தீப்பெட்டியோடு அவர் கையில் அவளே கொடுத்திருக்கிறாள். "உங்கப்பா அவருகிட்ட வாங்கிக் குடிச்ச பீடி எத்தனைன்னு உனக்குத் தெரியுமா? கடனோட போயிட்டாரு. வச்சாச்சு, அவரு பார்த்தாச்சு, அப்புறம் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான?"

ஆக அக்டோபர் 30 அன்று நான் எழுதியது தப்பு. அண்ணன் சொன்ன ஆடும் தப்பு. குழி வெட்டுபவர் குடித்தது அப்பா பீடியைத்தான், திருடிக் குடிக்கவில்லை. அவரோடு நான் பேசாமலிருந்த காரணம் அவருக்குத் தெரிந்திருக்காது. 2019-இல் அவரும் போய்விட்டார். அதே தோட்டத்தில் வடக்கு மூலையில் இருக்கிறார், குழியை வேறு யாரோ வெட்டினார்கள்.

அக்டோபர் 30, 2024

கேள்வி கேட்டு ஒரு வருஷம் ஆயிற்று, கேட்டவர் பதிலே போடவில்லை. பரவாயில்லை.

திருநாளுக்கு முன் வெள்ளையடிக்க ஆள் விட்டிருந்தோம். இன்று போய்ப் பார்த்தேன். கல்லை எடுத்துவிட்டு அடித்திருப்பார், குப்பையோடு போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். எடுக்கவில்லை. கல்லோடு சேர்த்து அடித்துவிட்டார், சிமென்டு பெயின்ட், இரண்டு கோட்டு. போன வருஷத்து மெழுகுக் கட்டையும் அப்படியே வெள்ளையாக நிற்கிறது. பார்ப்பதற்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. கல்லை அசைத்துப் பார்த்தேன், வரவில்லை.

நவம்பர் 2, 2024

சாமியார் இன்னும் தென்பக்கம் மந்திரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கட்டு பீடி வாங்கிக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனேன். மண்மேடுதான், ஆகவே நட முடிந்தது. தீப்பெட்டி வைக்க மறந்துவிட்டேன். வாசல் கடையில் வாங்கலாம் என்று போய்த் திரும்பி வர ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு வெள்ளாடு மேட்டின் மேல் முன்காலை வைத்து நின்றுகொண்டு முழுக் கட்டையும் மென்றுகொண்டிருந்தது. விரட்டினேன், அசையவில்லை. நூலை மட்டும் கடைசியில் துப்பியது.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.